கறுப்புத் தட்டு

பெரம்பலூரில் பகல் வேளையில் ஓர் அறையை இருட்டாக்குவது லேசான காரியம் இல்லை. ஜன்னலை மூடினால் கதவிடுக்கில் வெயில் வரும். கதவிடுக்கில் துணியைத் திணித்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியாக வரும். எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் கடைசி அறையை இருட்டாக்க எனக்கும் அமலிக்கும் ஒரு வாரம் பிடித்தது. ஜன்னலில் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டினோம். போதவில்லை. ஆலத்தியூரிலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பிய காலி சிமெண்ட் சாக்குகளை அதன் மேல் வைத்து ஆணி அடித்தோம். அதற்குப் பிறகுதான் நீட்டிய கை தெரியாத இருட்டு கிடைத்தது. அந்த இருட்டில் நின்று அமலி, "யப்பா, இப்பதான்டி கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கு" என்றாள்.

காலையிலிருந்து நீங்கள் அந்த அறையைப் பற்றியே கேட்கிறீர்கள். ஏன் அவ்வளவு இருட்டு, ஏன் உள்ளே இரண்டு பெண்கள் மட்டும், ஏன் தாழ்ப்பாள். மறைக்க ஒன்றும் இல்லை. எங்கள் வேலையே வெளிச்சத்தைப் பற்றியது. வெளி வெளிச்சம் உள்ளே வந்தால் வேலை கெட்டுவிடும். அதற்குத்தான் தாழ்ப்பாள்.

என் பெயர் மருதாயி. நீங்கள் புகாரில் அதைப் படிக்கும்போது லேசாகச் சிரித்தீர்கள். பரவாயில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேன், எல்லோரும் அந்த இடத்தில் சிரிப்பார்கள். அப்பா பெயர் அமாவாசை, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தார், இப்போது உயிரோடு இல்லை. அம்மா குஞ்சம்மாள் சாக்கு தைக்கிறாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அரியலூரில் பி.எஸ்சி. வேதியியல், திருச்சியில் எம்.எஸ்சி., பிறகு பெரம்பலூரில் ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"வெளிச்சம் பட்டா வளையற பிளாஸ்டிக்மா" என்றேன்.

"வெயில்ல வச்சா கொடமே வளையுது. அதுக்குப் போயி இம்புட்டு வருசமா உக்காந்து படிக்கிற."

இதை அமலியிடம் சொன்னபோது அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா சொல்றதுதான்டி கரெக்டு. கட்டுர எழுதி அனுப்புவோம். மொத பேரு குஞ்சம்மாள், ரெண்டாவதுதான் நாம" என்றாள். என் அம்மாவைப் பற்றிப் பேசிச் சிரித்தவர்களில் எனக்குக் கோபம் வராத ஒரே ஆள் அவள்தான்.

அவளுடைய முழுப் பெயர் அமலோற்பவமேரி. வரதராசன்பேட்டைக்காரி. அப்பா பள்ளி ஆசிரியர், அண்ணன் அருள் பிரகாஷும் ஆசிரியர். இயற்பியல் படித்தவள், கான்வென்ட் ஆங்கிலம். எங்கள் பேராசிரியர் ராசாங்கம் சார் ஒரே பிராஜெக்டில் எங்கள் இருவரையும் எடுத்தார். நான் சமைப்பேன், அவள் பார்ப்பாள் என்று சொல்வார். அதாவது பாலிமரைத் தயாரித்துக் கண்ணாடிச் சில்லின் மேல் மெல்லிய படலமாகப் பூசுவது என் வேலை. லேசரை வைத்து அதில் எழுதிப் படிப்பது அவள் வேலை.

அந்தப் படலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அதில் இருக்கும் மூலக்கூறுகள் நீளமான குச்சி மாதிரி. எல்லாம் ஒரே பக்கமாகத் தலை வைத்துப் படுத்திருக்கும். பச்சை வெளிச்சம் பட்டால் குச்சி இடுப்பில் மடங்கும், நிமிரும், மறுபடி மடங்கும். ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் கொஞ்சம் திரும்பியிருக்கும். கடைசியில் அந்த வெளிச்சம் தன்னைத் தொந்தரவு செய்யாத ஒரு திசையைக் கண்டுபிடித்து அங்கேயே படுத்துவிடும். ஒன்று திரும்பினால் பக்கத்தில் இருப்பதும் திரும்பும். திரவப் படிகம் என்பதே அதுதான், பக்கத்தில் இருப்பது பார்க்கும் பக்கம் தானும் பார்ப்பது. இப்படித் திரும்பிய இடமும் திரும்பாத இடமும் சேர்ந்து ஒரு படமாகும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, அதற்கான வடிகட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியும். வெளிச்சத்தால் எழுதலாம், வெளிச்சத்தால் படிக்கலாம். வேண்டாம் என்றால் சூடுகாட்டி அழித்துவிடலாம். தகவலைச் சேமிக்க, ஒளியைத் திருப்ப, இப்படிப் பல உபயோகம் இருக்கிறது. அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது தட்டு. சொல்கிறேன்.

ஒரு நீளமான இரும்பு மேஜை. ஒரு முனையில் பச்சை லேசர். நடுவில் படலம் பூசிய கண்ணாடிச் சில்லு. மறு முனையில் பார்ப்பதற்கு ஒரு குழல். லேசர் போகும் கோடும் கண் வைக்கும் கோடும் ஒன்றுதான். எழுதும்போது இருவரும் ஆரஞ்சு நிறக் கண்ணாடி போட்டிருப்போம். அது பச்சையை மட்டும் தின்றுவிடும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு படலத்தில் எழுதியதைப் படிக்க முடியாது. படிக்க வேண்டுமானால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன வெள்ளை விளக்கைப் போட்டு, குழலில் கண்ணை வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் லேசரை அணைத்துப் போட்டால் அது நிலைக்கு வர வெகுநேரம் ஆகும். அதனால் அணைக்க மாட்டோம். லேசருக்கு முன்னால் கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு தட்டை நிறுத்திவிடுவோம். உள்ளங்கை அகலம் இருக்கும், அடியில் காந்தம். மேஜையில் வைத்தால் டக் என்று ஒட்டும். எடுக்கும்போது கொஞ்சம் சாய்த்துப் பிடுங்க வேண்டும். அப்போது வேறு சத்தம் வரும், நாக்கால் 'ச்சு' கொட்டுகிற மாதிரி.

அறைக்குள் ராசாங்கம் சார் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. லேசர் பக்கம் நிற்பவள் தட்டை வைத்துவிட்டு "போட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குழல் பக்கம் இருப்பவள் "கழட்டறேன்" என்று பதில் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். இருட்டில் மேஜையைச் சுற்றி வந்து சரிபார்த்தால் எதையாவது இடித்து, அடுக்கிய அடுக்கெல்லாம் கலைந்துவிடும். அதனால் யாரும் சுற்றி வர மாட்டோம். எதிர்ப்பக்கத்துக் குரலை நம்புவதுதான் எங்கள் வேலை முறை. இரண்டு வருஷம் அப்படித்தான் வேலை செய்தோம், நான் தட்டுப் பக்கம், அவள் குழல் பக்கம். போட்டாச்சு, கழட்டறேன். சில நாள் விடுதியில் விளக்கை அணைக்கும்போதுகூட நான் "போட்டாச்சு" என்பேன், அவள் படுக்கையிலிருந்து "கழட்டறேன்" என்பாள்.

ஆமாம், விடுதியிலும் ஒரே அறை. பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்.

நீங்கள் என் நண்பர்கள் யார் யார் என்று கேட்டீர்கள். அமலி. வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பேச்சு வராது, வந்தால் சண்டையாக வரும். ஊரில் நான் படித்தவள், கல்லூரியில் நான் ஆலத்தியூர்க்காரி. இரண்டு இடத்திலும் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் அந்த மேஜையில் பேச்சு நின்றுவிடும். எனக்கு அது பழகிவிட்டது. பிறகு அமலி வந்தாள். முதல் நாளே என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, "என்னடி இது, கருவாடா, எனக்கு எங்க" என்று கேட்டவள். மருதாயி என்ற பெயரை மருது என்று சுருக்கியவள். அவள் ஞாயிறு பூசைக்குப் போனால் நான் சர்ச் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். கிறிஸ்துமஸுக்கு அவள் ஊருக்குப் போனால் அந்த நாட்களில் என் தொண்டையிலிருந்து ஒரு சொல்கூட வந்திருக்காது. ஆய்வகத்துக்குப் போய், இருட்டறையில், குழல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

தனியாக இருந்து பழகியவளுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போன பிறகு மறுபடி பழகுவது கஷ்டம். அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

போன வருஷம் மே மாதம் பெங்களூர் விஷயம் வந்தது. அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எங்கள் படலத்தைப் பார்த்துவிட்டு, ஓர் ஆளை அனுப்பச் சொன்னார்கள். இரண்டு வருஷம். போகிற ஆளுக்கு அங்கேயே பிஎச்.டி. முடியும். ராசாங்கம் சார் அமலியின் பெயரைக் கொடுத்தார்.

நான் அவர் அறைக்குப் போய் நின்றேன். "படலம் என்னோடது சார்" என்றேன்.

"யாரு இல்லேன்னா? ஒங்கையி பட்டாத்தாம்மா படலம் படியுது. ஆனா அங்க போனா நாலு பேரு முன்னாடி நின்னு பேசணும். அமலி பேசுவா. நீ வேல செய்வ. ஒன்னையும் அனுப்பிட்டா இங்க லேபை யாரு பாக்கறது, சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே என்னைப் பாராட்டுவதாகத்தான் நினைத்தார். கல் உடைக்கிறவனிடம் நீ நல்லா உடைக்கிறப்பா, நீ மேலே ஏறி வந்துட்டா கீழே யார் உடைக்கிறது என்று கேட்பது மாதிரி இருந்தது. நான் வெளியே வந்துவிட்டேன். எனக்குக் கோபம். அந்தக் கோபம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். ஓர் அநியாயம் நடந்தது, எனக்குக் கோபம் வந்தது.

அமலி அன்று விடுதியில் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "நீ போகணும்னு சார்ட்ட சொல்லட்டாடி? நா வேணா வீட்ல முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லிடறேன்" என்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

"நெசமாவா? மூஞ்ச ஏன் அப்புடி வச்சிருக்க?"

"என் மூஞ்சி அப்படித்தான்."

"அது சரி. லீவுக்கு வந்து என்கூட இரு. அங்க எப்பப் பாரு மழையாமே. ஸ்வெட்டர் வாங்கணும், வா, சனிக்கெழம திருச்சிக்குப் போவோம்."

லீவுக்கு. அந்தச் சொல்லை நான் ரொம்ப நேரம் யோசித்தேன்.

திருச்சிக்குப் போனோம். சின்னக்கடை வீதியில், மே மாத வெயிலில், ஊதா நிறத்தில் ஒரு கம்பளி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். கழுத்தெல்லாம் வியர்வை. "எப்புடிடி இருக்கேன்?" என்றாள். "பெங்களூர்க்காரி மாதிரி இருக்க" என்றேன். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

ஜூலையில் அது நடந்தது. திங்கட்கிழமை அவள் ரயில் ஏறுவதாக இருந்தது. அது சனிக்கிழமை, சாப்பாட்டு வேளைக்கு முன்னால். ஒரு கடைசிப் படலம் எழுத வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். கறுப்புக் காகிதத்தில் பிளேடால் எதையோ வெட்டி மடித்து வைத்திருந்தாள். அதன் வழியாகத்தான் லேசர் விழும், வெட்டிய வடிவம் படலத்தில் பதியும். என்ன வடிவம் என்று காட்டவில்லை.

எழுதி முடித்ததும், "மருது, இன்னிக்கு நீ பாரு. நா தட்டுப் பக்கம் வரேன். ஒனக்குத்தான் எழுதுனேன்" என்றாள்.

"நீதானே பார்க்கிற ஆளு. நீயே பாரு."

"அடியே, ஒரு நாளாவது நீ பாரேன்."

"நீ பாத்துட்டுச் சொல்லு. அப்புறம் நான் பார்க்கிறேன்."

"பாறாங்கல்லு" என்று என்னைத் திட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் காகிதத்தை எடுத்துவிட்டுத் தட்டை வைத்தேன். டக். போட்டாச்சு என்றேன். கழட்டறேன் என்றாள். குழலில் கண்ணை வைத்தாள். தட்டு இருந்த இடத்தில் இல்லாமல் போனது. அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

கல்லூரி வைத்த விசாரணைக் குழுவுக்கு நான் சொன்னது இதுதான். காந்தம் பழசு, தட்டு சரிந்துவிட்டது. குழுவில் தமிழ்த் துறையிலிருந்து ஒருவர், வணிகவியலிலிருந்து ஒருவர், கணக்கு மேடம். தட்டை எடுத்து மேஜையில் வைத்து வைத்துப் பார்த்தார்கள். காந்தம் கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது. ராசாங்கம் சார் அவர்கள் முன்னால் உட்கார்ந்து, "நான் மாத்தியிருக்கணும், நான்தான் மாத்தியிருக்கணும்" என்று அழுதார். நான் மறுத்துப் பேசவில்லை. அமலி ஆஸ்பத்திரியிலிருந்தே சொல்லி அனுப்பினாள், மருது மேல் ஒரு தப்பும் இல்லை என்று.

குழுவில் இருந்த யாரும் அந்தக் குழலில் கண்ணை வைத்துப் பார்க்கவில்லை. நீங்கள் நேற்று அறைக்குப் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். அதனால்தான் இன்று காலை அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். குழலில் ஒரு நேரத்தில் ஒரு கண்ணைத்தான் வைக்க முடியும். தட்டு சரிந்திருந்தால் ஒரு கண்தானே போயிருக்க வேண்டும்.

சரியான கேள்வி. சொல்கிறேன்.

வலது கண்ணை அவள் எடுத்ததும் நான் தட்டைச் சத்தம் வராமல் மறுபடி வைத்துவிட்டேன். வலி இருக்காது. கண்ணுக்குள் லேசர் சுடும் இடத்தில் வலிக்கு நரம்பு இல்லை என்று திருச்சி டாக்டர் பிறகு சொன்னார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பச்சையா பளிச்சுன்னு அடிச்சுதுடி. தட்டு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. விளக்குதான், கரண்ட் ஏறி எறங்குது" என்றேன்.

"இல்லடி, பச்சை."

"ஆரஞ்சுக் கண்ணாடியக் கழட்டுனா கொஞ்ச நேரம் எல்லாம் பச்சையாத்தானே தெரியும். உனக்குத் தெரியாதா?"

அது உண்மை. வெகுநேரம் ஆரஞ்சுக் கண்ணாடி போட்டிருந்து கழற்றினால் வெள்ளைச் சுவர்கூடப் பச்சையும் நீலமுமாகத் தெரியும். எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம். வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் எழுந்து வெளியே போயிருப்பார்கள். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்ததால் நம்பினாள்.

"ஒன்னும் தெரியலியே. புள்ளியா நிக்குது" என்றாள்.

"மறு கண்ணால பாரு" என்றேன்.

அவள் நகர்ந்து உட்கார்ந்து இடது கண்ணைக் குழலில் வைத்தாள். நான் தட்டைச் சாய்த்துப் பிடுங்கினேன்.

முதல் தடவையும் அப்படித்தான். அவள் கண்ணைக் குழலில் வைக்கும் வரை தட்டு இருந்தது, வைத்த பிறகு எடுத்தேன். முன்னாலேயே எடுத்திருந்தால் அறையெல்லாம் பச்சை தெரிந்து அவள் குனிந்திருக்க மாட்டாள். ஒரு கண்ணோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு எல்லா வேலையும் செய்யலாம், பெங்களூரில்கூடச் செய்யலாம். யோசித்தால் உங்களுக்கே விளங்கும்.

பிறகு நான்தான் கதவைத் திறந்தேன். வராந்தா வெயிலில் நின்று அவள் என் முகத்தைப் பார்த்து, "மருது, ஒனக்கு மூஞ்சி இல்லடி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம்தான் பயந்தாள். காரில் திருச்சி போகும் வரை அவள் தலை என் மடியில் இருந்தது. பாடாலூர் தாண்டும் வரை என் கையை விடவில்லை.

அவளுக்கு இருட்டு இல்லை. அதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நேராகப் பார்க்கும் இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை, ஓரங்கள் தெரியும். நடக்கலாம், சாப்பிடலாம். எழுத்து தெரியாது, முகம் தெரியாது. ஒரு முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு எங்கேயோ பார்க்க வேண்டும், அப்போது ஓரத்தில் மங்கலாகத் தெரியும். என்னைப் பார்க்க அவள் எப்போதும் என் தோளுக்கு மேலே சுவரைப் பார்ப்பாள். முதலில் ஒரு மாதிரி இருந்தது. இப்போது எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

பதின்மூன்று நாள் கழித்து வரதராசன்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஒவ்வொரு ஞாயிறும் போவேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து உடையார்பாளையம் வழியாக ஜெயங்கொண்டம், பிறகு முந்திரிக் காட்டுக்கு நடுவில் ஒரு டவுன் பஸ். அரியலூரில் சிமெண்ட் லாரி மறித்துக்கொண்டால் மதியம் ஆகிவிடும். அவளுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவேன். தலை பின்னிவிடுவேன், மீனில் முள் எடுத்துக் கொடுப்பேன். கையைப் பிடித்து மாதா கோயிலுக்குக் கூட்டிப் போவேன். இப்போது நானும் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன், சைக்கிள் ஸ்டாண்டில் இல்லை. அவளுடன் படித்த மற்றவர்கள் ஆரம்பத்தில் வந்தார்கள், பிறகு நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அவள் என் கையைத் தடவிக்கொண்டே, "நீ இல்லன்னா எனக்கு யாருடி மருது" என்று கேட்டாள். என்னிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

பெங்களூர் இடம் என்ன ஆனது என்று கேட்டீர்கள். ராசாங்கம் சார் ஆகஸ்டில் என்னைக் கூப்பிட்டு, "நீயாவது போம்மா" என்றார். நான் போகவில்லை. வேறு கல்லூரிப் பையன் ஒருவன் போனான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், எனக்கு நடந்தது அநியாயம், எனக்கு வந்தது கோபம். பிறகு அந்த இடம் வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வரதராசன்பேட்டைக்கு எப்படி வருவது.

அன்று அவள் எழுதிய படலத்தை நான் பிறகு பார்த்தேன். தனியாக, தட்டை வைத்துவிட்டு, எனக்கு நானே போட்டாச்சு சொல்லிக்கொண்டு, குழல் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தேன். 'மருது' என்று இருந்தது. பிளேடு வெட்டு கொஞ்சம் கோணல். எழுத்துக்கு நடுவில் இரண்டு இடத்தில் லேசர் கூடுதலாக விழுந்து அழிந்திருந்தது, அது எப்போது விழுந்தது என்று உங்களுக்கு இப்போது தெரியும். சூடான இரும்புத் தகட்டில் ஒரு நிமிஷம் வைத்தால் எல்லாம் அழிந்துவிடும். நான் அழிக்கவில்லை. விடுதியில் என் பெட்டியில் துணிக்குள் இருக்கிறது. எடுக்கும்போது வெயிலில் காட்ட வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். போக மனம் இருந்தவள் அப்படி எழுதியிருக்க மாட்டாள்.

போன மாதம், பொங்கல் கழிந்து, கரும்பு கடித்துக்கொண்டிருந்தோம். அவள் சும்மா பேசுகிற மாதிரிதான் ஆரம்பித்தாள்.

"மருது, இப்பல்லாம் காது ரொம்ப நல்லா கேக்குதுடி. பஸ்ஸு திரும்பற சத்தம் கேட்டே இது ஜெயங்கொண்டம் பஸ்ஸா, விருத்தாசலம் பஸ்ஸான்னு சொல்லிடுவேன்."

"ம்."

"அந்தத் தட்டு சரிஞ்சா விழுந்திருக்கணும்ல. இரும்பு மேசைல விழுந்தா எப்புடிச் சத்தம் வரும்."

நான் இன்னொரு துண்டுக் கரும்பை உரித்தேன்.

"விழுந்த சத்தம் எனக்கு நெனப்பே இல்லடி. வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி ஒரு ச்சு கேட்டுச்சு. மறு கண்ணுக்கும் கேட்டுச்சு."

சொல்லிவிட்டு என் பக்கம் நேராகத் திரும்பினாள். நேராகப் பார்த்தால் அவளுக்கு என் முகம் தெரியாது. தெரிந்தேதான் அப்படிப் பார்த்தாள் போல. நான் கரும்புச் சக்கையைப் பொறுக்கி முறத்தில் போட்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். "பத்திரமாப் போ" என்றாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு போனபோது அவள் தூங்குவதாக அவளுடைய அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறும் தூங்கினாள். மாத்திரை அப்படி, அசத்திவிடும்.

புகாரை எழுதியது அருள் பிரகாஷ் அண்ணன். அவர் எப்போதும் சந்தேகப்படுகிற ஆள். அடியில் அவள் கையெழுத்து இருப்பதாகக் காட்டினீர்கள். பார்த்தேன். கோடு விட்டு இறங்கி, கோணலாக இருக்கிறது. அண்ணன் கையைப் பிடித்துப் போட வைத்திருப்பார். எழுத்துத் தெரியாதவளிடம் எதைக் காட்டி வேண்டுமானாலும் கையெழுத்து வாங்கலாம். நான் பக்கத்தில் இருந்திருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படித்துக் காட்டியிருப்பேன்.

நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு தடவையும் தட்டை எடுத்தது நான்தான், தெரிந்தே எடுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை. நாளை சாயங்காலத்துக்குள் என்னை அனுப்பிவிட்டால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸை விட்டுவிட்டால் பூசை முடிந்துவிடும், அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேறு ஆள் இல்லை.